ஸ்டுடியோ விஷன்: கைவிடப்பட்ட ஓர் இசைத் தயாரிப்பு மென்பொருளின் வரலாறு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

கணினியில் இசையமைப்பவர்களிடம் கியூபேஸ், லாஜிக், புரோ டூல்ஸ் ஆகிய இசை மென்பொருள்களின் பெயர்கள் அன்றாடம் புழங்குகின்றன. இவை இன்று செய்யும் முக்கியமான வேலையை இவற்றுக்கு முன்பே கடைக்குக் கொண்டுவந்த ஒரு மென்பொருள் சுமார் பத்தாண்டுகள் நன்றாக விற்று, பின்னர் உரிமையாளர் மாறிய ஓராண்டுக்குள் நின்றுபோனது. அதன் வரலாற்றைப் பற்றியும், அதில் சேமித்து வைக்கப்பட்ட பழைய இசையை மீட்பதைப் பற்றியும் அடிக்கடி எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன.

ஸ்டுடியோ விஷன் என்பது என்ன?

ஆப்பிள் நிறுவனத்தின் மேக்கின்டாஷ் கணினிகளுக்காக, அமெரிக்காவின் ஆப்கோட் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1990இல் வெளியிட்ட இசைத் தயாரிப்பு மென்பொருள் இது. மிடி எனப்படும் இசைக் கட்டளைகளையும் மைக் வழியாகப் பதிவான ஒலியையும் ஒரே நிரலுக்குள் பதிந்து, திருத்தி, சேர்த்து ஒலிக்கச் செய்த முதல் வணிக மென்பொருள் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது இதுவே. இன்று எந்த இசை மென்பொருளைத் திறந்தாலும் ட்ரம்ஸுக்கான மிடி ட்ராக்கும் பாடகரின் குரல் ட்ராக்கும் ஒன்றன்கீழ் ஒன்றாக இருப்பதைக் காண்கிறோம். இந்த ஏற்பாடு எப்போதுமே இருந்ததுபோல் நமக்குப் பழகிவிட்டது; உண்மையில் அது ஒரு குறிப்பிட்ட ஆண்டில், ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் கையால் வந்தது.

1998இல் கித்தார் தயாரிப்பாளரான கிப்சன் நிறுவனம் ஆப்கோட்டை வாங்கியது. 1999இல் மேம்பாட்டுப் பணிகள் நின்றன. அதன்பின் புதிய பதிப்பு எதுவும் வரவில்லை.

ஆப்கோட் நிறுவனம் எப்படித் தொடங்கியது?

டேவ் ஓப்பன்ஹைம் என்பவர் 1985இல் கலிஃபோர்னியாவின் பாலோ ஆல்டோ பகுதியில் இதைத் தொடங்கினார். அந்தக் காலச் சூழலைக் கொஞ்சம் நினைவுகூர்ந்தால்தான் இதன் பொருத்தம் விளங்கும். வெவ்வேறு நிறுவனங்களின் சிந்தசைசர்கள் (மின்னணு முறையில் ஒலியை உருவாக்கும் கருவிகள்) தங்களுக்குள் பேசிக்கொள்வதற்கான மிடி தரநிலை 1983இல் வந்தது. மேக்கின்டாஷ் 1984இல் வந்தது. இரண்டும் புதிது, இரண்டையும் இணைக்க வழியில்லை. 1985இல் வந்த அட்டாரி எஸ்டி கணினியில் மிடி துளைகள் பிறவியிலேயே இருந்தன, மேக்கில் இல்லை. எனவே மேக்கின் சீரியல் துளையில் செருகும் மிடி இடைமுகப் பெட்டி, அதனுடன் வேலை செய்து, மிடிக் கட்டளைகளை வரிசையாகப் பதிந்து திரும்ப ஒலிக்கச் செய்யும் சீக்குவென்சர் நிரல், சிந்தசைசரின் ஒலி அமைப்புகளைக் கணினியில் சேமித்து வைக்கும் லைப்ரேரியன் நிரல்கள் என்று ஆப்கோட் அடுத்தடுத்துத் தயாரித்தது. யமாஹா டிஎக்ஸ்7 போன்ற கருவிகளின் சின்னஞ்சிறு திரையில் பொத்தான்களை அழுத்தி அழுத்தி ஒலியை உருவாக்கி அலுத்துப்போயிருந்தவர்களுக்கு, அந்த அமைப்புகள் எல்லாவற்றையும் மேக்கின் திரையில் விரித்துப் பார்க்க முடிந்ததே பெரிய ஆறுதலாக இருந்தது.

இந்நிறுவனம் தொடக்கத்திலிருந்தே வன்பொருள், மென்பொருள் இரண்டையும் சேர்த்தே சிந்தித்தது. பின்னாளில் அது செய்த நல்ல காரியங்களுக்கும் பட்ட பாட்டுக்கும் இந்தப் பழக்கமே காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

விஷன், ஸ்டுடியோ விஷன் என்ற இரண்டும் ஒன்றா?

இல்லை. விஷன் என்பது 1989இல் வந்த மிடி சீக்குவென்சர். அதில் ஒலிப்பதிவு கிடையாது. அதையே அடித்தளமாகக் கொண்டு ஒலிப்பதிவையும் சேர்த்தது ஸ்டுடியோ விஷன். மேம்பட்ட பதிப்பு ஸ்டுடியோ விஷன் புரோ என்ற பெயரில் விற்கப்பட்டது. புதிதாகக் கற்பவர்களுக்கென ஈஸி விஷன், மியூசிக்‌ஷாப் போன்ற எளிய, விலை குறைந்த பதிப்புகளும் இருந்தன. பிற்காலத்தில் விண்டோஸுக்கும் விஷன் வந்தது என்றாலும், ஆப்கோட் என்றால் மேக் என்பதே கடைசிவரை நிலைத்த அடையாளம்.

மிடியையும் ஒலியையும் ஒரே திரையில் காட்டியது அவ்வளவு பெரிய காரியமா?

ஆம், அது எவ்வளவு பெரியது என்பதை எண்களை வைத்தே பார்க்கலாம். மிடியில் ஒலி இல்லை. எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தத்தில், எப்போது அழுத்தப்பட்டது, எப்போது விடப்பட்டது என்ற கட்டளைகள் மட்டுமே உண்டு. ஒரு சுரத்தைத் தொடங்க 3 பைட், முடிக்க 3 பைட். ஆயிரம் சுரங்கள் கொண்ட ஒரு பகுதி சுமார் 6,000 பைட்டுகளுக்குள் அடங்கிவிடும். சிடி தரத்திலான ஸ்டீரியோ ஒலியோ ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய 10 மெகாபைட் கேட்கும். 1990இல் ஆப்பிளின் மிக உயர்ந்த மாடலாக இருந்த மேக்கின்டாஷ் டூ எஃப்எக்ஸ் கணினியை 80 மெகாபைட் ஹார்ட் டிஸ்க்குடன் வாங்கியவர், அதில் வேறு எதையுமே வைக்காமல் இருந்தாலும் எட்டு நிமிட ஒலியைக்கூட முழுதாகப் பதிந்துவிட முடியாது. அதோடு அன்றைய மேக்கின் மையச் செயலிக்கு ஒலியைப் பதிந்து ஒலிக்கச் செய்யும் வலு போதவில்லை. டிஜிடிசைன் நிறுவனம் 1989இல் வெளியிட்ட சவுண்ட் டூல்ஸ் என்ற கருவித் தொகுப்பின் கார்டைக் கணினிக்குள் செருகினால்தான், அதிலிருந்த மோட்டரோலா சிப் அந்தப் பாரத்தைச் சுமந்தது. அப்போதும் கிடைத்தவை இரண்டே சேனல்கள்.

அதற்குமுன் வேலை எப்படி நடந்தது? பாடகரின் குரல் பலதட டேப்பில் இருக்கும். சிந்தசைசர் பகுதிகள் கணினியில் இருக்கும். டேப்பின் ஒரு தடத்தை நேரக்குறியீட்டுக்கென்றே ஒதுக்கி, அதன் சமிக்ஞையைக் கணினிக்குக் கொடுத்து, டேப் ஓடத் தொடங்கிய சில நொடிகளில் சீக்குவென்சர் அதைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடும்படி செய்வார்கள். இரண்டாவது சரணத்தை எட்டு அளவு (தாளச் சுற்று) தள்ளிவைக்கலாம் என்று இசையமைப்பாளர் நினைத்தால், மிடிப் பகுதிகள் ஒரு நொடியில் நகர்ந்துவிடும். டேப்பில் இருக்கும் குரல் நகராது. மறுபடி பாடவைக்க வேண்டும், அல்லது டேப்பை வெட்டி ஒட்ட வேண்டும், அல்லது பதிவான ஒலித் துணுக்கை விசையால் ஒலிக்கச் செய்யும் சாம்ப்ளர் கருவியில் ஏற்றி ஒப்பேற்ற வேண்டும். ஸ்டுடியோ விஷனில் குரலின் அலைவடிவமும் பியானோவின் சுரங்களும் ஒரே நேரக்கோட்டில் இருந்ததால், இரண்டையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து, வெட்டி, வேறிடத்தில் ஒட்ட முடிந்தது. பாடலின் கட்டமைப்பைப் பதிவுக்குப் பிறகும் மாற்றலாம் என்ற சுதந்திரம் டேப்பின் பிடியிலிருந்து விடுபட்டது அந்த இடத்தில்தான்.

இரண்டே சேனல்கள் என்ற வரம்பைக் கண்டு இன்று சிரிப்பவர்கள், அன்றைய மெல்லிசையில் பெரும்பகுதி சிந்தசைசரிலும் சாம்ப்ளரிலும் உருவானது என்பதை மறந்துவிடக் கூடாது. அந்தப் பகுதிகள் எல்லாம் மிடியில் ஓடும். டேப் தேவைப்பட்டது முக்கியமாகக் குரலுக்கும் ஓரிரு கருவிகளுக்கும் மட்டும்தான்.

விஷனில் வேலை செய்யும் முறை மற்றவற்றிலிருந்து எப்படி வேறுபட்டது?

பெரும்பாலான சீக்குவென்சர்கள் டேப்பைப் போலவே ஒரு பாடலை இடமிருந்து வலமாக நீளும் ஒரே கோடாகக் கருதின. விஷனில் ஒரு கோப்புக்குள் பல சீக்குவென்ஸ்கள் இருக்கும்; ஒவ்வொன்றுக்கும் கணினி விசைப்பலகையின் ஓர் ஆங்கில எழுத்து ஒதுக்கப்படும். பல்லவிக்கு ஓர் எழுத்து, சரணத்துக்கு ஓர் எழுத்து, இடையிசைக்கு ஓர் எழுத்து என்று வைத்துக்கொண்டு, விசைகளைத் தட்டியே அவற்றை வரிசை மாற்றி ஒலிக்கச் செய்யலாம். அப்படித் தட்டியதையே புதிய சீக்குவென்ஸாகப் பதியவும் முடியும். ஆக ஒரு சீக்குவென்ஸ் மற்றொன்றைத் தனக்குள் வைத்துக்கொள்ளலாம். உள்ளே இருப்பதைத் திருத்தினால் அது வரும் இடங்களில் எல்லாம் திருத்தம் ஏறிவிடும். துணுக்குகளைத் தனித்தனியாகத் தொடங்கி இசையை அடுக்கும் முறையை ஏபிள்டன் லைவ் என்ற மென்பொருள் 2001இல் பரவலாக்கியது. அதைப் பழகியவர்கள் விஷனைப் பார்த்தால் தூரத்து உறவினரைச் சந்தித்ததுபோல் உணர்வார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று நான் சொல்லவில்லை. எண்ணம் ஒன்றாக இருக்கிறது.

திருத்தும் சாளரமும் குறிப்பிடத்தக்கது. பியானோ ரோல் எனப்படும் சுரக் கட்டைகளும் ஒலியின் அலைவடிவங்களும் அதே சாளரத்தில் வந்தன. பதிவான ஒலியில் பேச்சோ பாட்டோ இல்லாத அமைதியான இடங்களைத் தானாகவே நீக்கித் துண்டுகளாக்கும் கட்டளையும் இருந்தது. வெட்டப்பட்ட ஒவ்வொரு துண்டும் ஒரு மிடி சுரத்தைப் போலவே நகர்த்தக்கூடிய பொருளாகிவிடும்.

ஒலியை மிடியாக மாற்றும் வசதியும் இருந்ததாமே?

இருந்தது. 1990களின் நடுவில் ஸ்டுடியோ விஷன் புரோவில் அந்த வசதி வந்தது. ஒரு நேரத்தில் ஒரே சுரம் ஒலிக்கும் பதிவை, எடுத்துக்காட்டாக ஒரு பாடகரின் குரலை, அது ஆராய்ந்து, சுருதி, ஒலியளவு, ஒலியின் பளிச்சென்ற தன்மை ஆகியவற்றை மிடித் தகவலாக எழுதித் தரும். அந்த மிடியைத் திருத்திவிட்டு, திருத்தத்தை மீண்டும் ஒலியின்மேல் ஏற்றலாம். அதாவது சற்றுத் தாழ்ந்துபோன ஒரு சுரத்தை மிடிச் சாளரத்தில் மேலே தூக்கி வைத்தால், குரலும் மேலே வரும்.

ஆன்டாரஸின் ஆட்டோ-ட்யூன் 1997இல் வந்தது. சுரங்களைத் திரையில் பிடித்து நகர்த்தும் செலிமோனியின் மெலோடைன் 2001இல் அறிமுகமானது. இவ்விரண்டின் தரத்தை ஆப்கோட்டின் வசதி எட்டியது என்று கூற இயலாது. சுருதியைப் பெரிதாக மாற்றினால் குரல் இயற்கைத்தன்மையை இழக்கும். ஆயினும் பதிவான குரலைச் சுரங்களாகக் கண்டு கையால் திருத்தலாம் என்ற எண்ணத்தை, ஒரு சீக்குவென்சரின் மெனுவிலேயே கொண்டுவந்து வைத்த துணிச்சல் பாராட்டத்தக்கது.

ஓஎம்எஸ் என்றால் என்ன? அதை இன்றும் பலர் குறிப்பிடுவது ஏன்?

ஆப்கோட்டின் படைப்புகளில் அதிகம் பேசப்படாததும், என் பார்வையில் மிக முக்கியமானதும் இதுவே. மிடி இணைப்பு ஒன்றில் 16 சேனல்கள் மட்டுமே உண்டு. ஆறேழு கருவிகளும் பல துளைகள் கொண்ட இடைமுகப் பெட்டியும் வைத்திருந்த ஒருவர், "மூன்றாம் துளை, ஐந்தாம் சேனல்: பேஸ்" என்று தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டுதான் வேலை செய்ய வேண்டியிருந்தது. ஒவ்வொரு நிரலிலும் அந்த எண்களைத் தனித்தனியே கொடுக்க வேண்டும்.

ஓஎம்எஸ் என்ற மென்பொருள் இந்தத் தொல்லையை இயங்குதளத்தின் மட்டத்திலேயே தீர்த்தது. அதில் ஒருமுறை உங்கள் ஸ்டுடியோவின் வரைபடத்தை அமைத்தால் போதும். கருவிகள் சின்னங்களாகத் தோன்றும், இடைமுகப் பெட்டியுடன் கோடுகளால் இணைக்கப்பட்டிருக்கும். அதன்பின் ஓஎம்எஸ்ஸை ஏற்கும் எந்த நிரலைத் திறந்தாலும், எண்களுக்குப் பதில் கருவிகளின் பெயர்களே பட்டியலில் வரும். கேலக்ஸி என்ற லைப்ரேரியன் நிரலும் சேர்ந்திருந்தால், அந்தக் கருவிக்குள் இருக்கும் ஒலிகளின் பெயர்களும் சீக்குவென்சரிலேயே தெரியும். ஒரு நிரலின் மிடி வெளியீட்டை அதே கணினியில் ஓடும் மற்றொரு நிரலுக்குள் அனுப்பும் ஐஏசி என்ற உள்வழியும் அதில் இருந்தது.

இதைத் தன் நிரல்களுக்கு மட்டும் என்று ஆப்கோட் பூட்டி வைக்காமல் மற்ற நிறுவனங்களுக்கும் திறந்துவிட்டது. மோட்டு நிறுவனம் ஃப்ரீமிடி என்ற தன் சொந்த முறையுடன் தனியாக நின்றது. மற்றபடி மேக்கில் மிடி என்றாலே ஓஎம்எஸ் என்ற நிலை உருவானது. புரோ டூல்ஸ்கூட மேக் ஓஎஸ் 9 காலத்தில் மிடிக்கு ஓஎம்எஸ்ஸையே நம்பியிருந்தது.

ஓஎம்எஸ்ஸை எழுதிய டக் வயட் பின்னர் ஆப்பிளில் சேர்ந்து, 2001இல் வெளியான மேக் ஓஎஸ் எக்ஸ் இயங்குதளத்தின் மிடிப் பகுதியான கோர் மிடியில் பணியாற்றினார். இன்றைய மேக்கில் ஆடியோ மிடி செட்டப் என்ற பயன்பாட்டைத் திறந்து மிடி ஸ்டுடியோ சாளரத்தைப் பாருங்கள்: கருவிகள் சின்னங்களாக நிற்கும், அவற்றில் ஒன்றின் பெயர் ஐஏசி டிரைவர். ஆப்கோட் மறைந்து கால் நூற்றாண்டு ஆன பிறகும் அதே எழுத்துகள் அங்கே இருக்கின்றன.

மேக்ஸ் என்ற நிரலுக்கும் ஆப்கோட்டுக்கும் என்ன தொடர்பு?

பாரிசில் உள்ள இர்காம் ஆய்வு மையத்தில் மில்லர் பக்கெட் 1980களில் உருவாக்கிய நிரல் அது. கணினி இசையின் முன்னோடியான மேக்ஸ் மேத்யூஸின் பெயரைத் தாங்கியது. பெட்டிகளைக் கோடுகளால் இணைத்தே இசை நிரல்களை உருவாக்கலாம் என்பது அதன் சிறப்பு. டேவிட் ஸிக்கரெல்லி அதை வணிகப் பதிப்பாக வளர்க்க, ஆப்கோட் 1990இல் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. விஷனைப் போல ஆயிரக்கணக்கானோர் வாங்கும் பண்டமாக அது இருக்க வாய்ப்பில்லை என்று தெரிந்தே ஒரு சிறு நிறுவனம் இதைச் செய்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

ஸிக்கரெல்லி 1997இல் சைக்ளிங் 74 என்ற தன் நிறுவனத்தைத் தொடங்கினார். ஒலியையும் கையாளும் எம்எஸ்பி பகுதியுடன் மேக்ஸ் அங்கே தொடர்ந்தது. 2009இல் அது ஏபிள்டன் லைவுக்குள் மேக்ஸ் ஃபார் லைவ் என்ற பெயரில் நுழைந்தது. 2017இல் ஏபிள்டன் அந்த நிறுவனத்தையே வாங்கிக்கொண்டது. ஆப்கோட் மூழ்குவதற்குச் சற்று முன்பே அதற்கென ஓர் ஆள், ஒரு வீடு அமைந்துவிட்டதால் மேக்ஸ் பிழைத்தது.

போட்டியாளர்கள் யார்?

மேக்கில் முதன்மையான போட்டி மோட்டுவின் பெர்ஃபார்மர் என்ற சீக்குவென்சர். 1985 முதலே இருந்த அது, ஸ்டுடியோ விஷன் வந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் டிஜிட்டல் பெர்ஃபார்மராக ஒலிப்பதிவையும் சேர்த்துக்கொண்டது. ஜெர்மனியிலிருந்து ஸ்டைன்பெர்க்கின் கியூபேஸும் எமாஜிக்கின் லாஜிக்கும் வந்தன. முதலில் அட்டாரியில் வேரூன்றிய இவ்விரு நிறுவனங்களும் அட்டாரி சரிந்தபோது மேக்குக்கும் விண்டோஸுக்கும் முழுவீச்சில் நகர்ந்தன.

கிப்சன் வாங்கிய பின் என்ன நடந்தது?

டென்னசி மாநிலத்தின் நாஷ்வில் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட கிப்சன், கித்தாருக்குப் பெயர்பெற்ற பழைய நிறுவனம். ஹென்றி ஜஸ்கீவிச்சின் தலைமையில் இசைக் கருவித் துறையின் பல நிறுவனங்களை அது வாங்கிச் சேர்த்துக்கொண்டிருந்தது. அந்த வரிசையில் 1998இல் ஆப்கோட் வந்தது. மின்னணு இசையில் கால்பதிக்க ஆயத்தமான ஒரு மென்பொருள் குழு கிடைக்கிறது என்ற கணக்கு காகிதத்தில் நியாயமாகவே தெரிந்திருக்கும்.

ஆனால் அடுத்த ஆண்டே மேம்பாடு நின்றுவிட்டது. பொறியாளர்கள் வெளியேறினார்கள். கித்தார் தொழிற்சாலையை வாங்கினால் மரமும் இயந்திரமும் அச்சும் கையில் நிற்கும். மென்பொருள் நிறுவனத்தை வாங்குபவர் கையில் நிற்பது அதை எழுதியவர்கள் இருக்கும்வரைதான். அவர்கள் போனபின் மிஞ்சும் மூலநிரல், புதியவர் ஒருவர் படித்துப் புரிந்துகொள்ளவே மாதக்கணக்கில் ஆகும் தாள்கட்டு.

ஸ்டுடியோ விஷன் தொழில்நுட்பத்தில் பின்தங்கியதால் தோற்றது என்று சிலர் சொல்வது சரியா?

முழுவதும் சரியன்று, எனினும் அதில் ஒரு பங்கு உண்மை உண்டு. ஸ்டுடியோ விஷன் நீண்டகாலம் டிஜிடிசைனின் வன்பொருளை நம்பியிருந்தது. டிஜிடிசைன் 1991இல் புரோ டூல்ஸைத் தொடங்கி, 1995இல் ஏவிட் நிறுவனத்துடன் இணைந்து, தானே ஒரு முழு மென்பொருள் போட்டியாளராக வளர்ந்தது. 1996இல் கியூபேஸ் விஎஸ்டி வெளியாகி, தனிக் கார்டு ஏதுமின்றி பவர் மேக்கின் மையச் செயலியிலேயே பல ட்ராக்குகளையும் எஃபெக்டுகளையும் ஓட்டிக் காட்டியபோது விளையாட்டின் விதிகளே மாறின. ஆப்கோட்டும் கார்டில்லாத ஒலிப்பதிவைச் சேர்த்தது. ஃப்யூஷன் என்ற பெயரில் வோகோடர், ஃபில்டர், பழைய இசைத்தட்டின் கீறல் ஒலியைத் தரும் வினைல் ஆகிய பிளக்-இன்களையும் (முதன்மை மென்பொருளுக்குள் சேர்க்கும் துணை நிரல்கள்) வெளியிட்டது. ஓட்டத்தில் அது இருந்தது; பின்னால் விழுந்துவிடவில்லை.

அதே வேளையில் வன்பொருள் பக்கமிருந்து வேறோர் அடி விழுந்தது. 1998இல் ஆப்பிள் வெளியிட்ட ஐமேக்கில் ஃபிளாப்பி இயக்கியும் இல்லை, சீரியல் துளையும் இல்லை, யூஎஸ்பி மட்டுமே. 1999இன் தொடக்கத்தில் வந்த நீல-வெள்ளை பவர் மேக் ஜி3யிலும் சீரியல் துளை இல்லை. சீரியல் துளையில் செருகும் மிடிப் பெட்டிகளை விற்றுப் பிழைத்த நிறுவனங்கள் எல்லாவற்றுக்கும் அது சோதனைக் காலம். அதன்பின் மேக் ஓஎஸ் எக்ஸ் வந்து, எல்லோரும் தங்கள் நிரல்களைப் பெருமளவு திருத்தி எழுத வேண்டியதாயிற்று. மோட்டுவும் ஸ்டைன்பெர்க்கும் எமாஜிக்கும் இந்த இரண்டு ஆற்றையும் கடந்தன. பணம் போட்டு, ஆள் வைத்து, இரண்டு மூன்று ஆண்டு பொறுத்திருக்கும் உரிமையாளர் அவற்றுக்கு இருந்தார். ஆப்கோட்டுக்கு அந்தத் தருணத்தில் அப்படி ஒருவர் இல்லை. ஸ்டுடியோ விஷனின் முடிவுக்கு இதுவே முதற்காரணம் என்பது என் கருத்து.

கேக்வாக் சோனார் மென்பொருளையும் இதே கிப்சன்தான் மூடியதா?

ஆம். பிசி உலகில் 1987 முதல் வேரூன்றிய கேக்வாக் நிறுவனத்தை ரோலண்ட் நிறுவனத்திடமிருந்து 2013இல் கிப்சன் வாங்கியது. வாழ்நாள் முழுதும் இலவச மேம்படுத்தல் என்ற திட்டத்தை 2016இல் அதன் இசை மென்பொருளான சோனாரின் பயனர்களுக்கு விற்றார்கள். 2017 நவம்பரில் மேம்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தார்கள். யாருடைய வாழ்நாள் என்று பயனர்கள் கேட்டதில் தவறில்லை. 2018 மே மாதத்தில் கிப்சன் திவால் பாதுகாப்பு கோரி நீதிமன்றம் சென்றது.

இரண்டு கதைகளுக்கும் முடிவு வேறு. சிங்கப்பூரின் பேண்ட்லேப் நிறுவனம் 2018 பிப்ரவரியில் கேக்வாக்கின் உடைமைகளை வாங்கி, இரண்டே மாதங்களில் அதை இலவச மென்பொருளாக வெளியிட்டது. ஆட்கள் முழுதும் சிதறுவதற்குள், நிரல் இன்னும் நடப்பு விண்டோஸில் ஓடிக்கொண்டிருந்தபோதே, வாங்குபவர் வந்துவிட்டார். ஸ்டுடியோ விஷனுக்கோ ஒவ்வோராண்டும் விலகிச் சென்றுகொண்டிருந்த இயங்குதளம் வாய்த்தது.

ஸ்டுடியோ விஷனைப் பயன்படுத்தியவர்கள் எதற்கு மாறினார்கள்?

டிஜிட்டல் பெர்ஃபார்மர், லாஜிக், கியூபேஸ், புரோ டூல்ஸ் என்று பிரிந்தார்கள். பலர் உடனே மாறவில்லை. ஓஎஸ் 9 ஓடும் பழைய மேக்கை அப்படியே வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் வேலை செய்தார்கள். லாஜிக்குக்கு மாறியவர்களில் விண்டோஸ் பயனர்கள் இருந்தால் அவர்களுக்கு மறுபடியும் அடி: 2002இல் ஆப்பிள் எமாஜிக்கை வாங்கி, விண்டோஸ் பதிப்பை நிறுத்தியது.

இன்று ஸ்டுடியோ விஷனை இயக்க முடியுமா?

நடப்பு மேக்கில் நேரடியாக முடியாது. மேக் ஓஎஸ் 9இல் நேராகத் தொடங்கும் பவர்பிசி கணினிகள், அதாவது ஜி3 மாடல்களும் ஜி4 மாடல்களில் ஒரு பகுதியும், இதற்கு ஏற்றவை. மேக் ஓஎஸ் எக்ஸுக்குள் பழைய நிரல்களை ஓட்டும் கிளாசிக் சூழல் இருந்தது என்றாலும், மிடி, ஒலிப்பதிவு வன்பொருளுடன் துல்லியமாக உறவாட அது போதாது. அதுவும் இன்டெல் மேக்குகளில் இல்லை, 2007இல் வந்த லெபர்ட் பதிப்புடன் முற்றிலும் போனது. ஷீப்‌ஷேவர் போன்ற எமுலேட்டர்களில் (பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்கள்) பழைய கோப்பைத் திறந்து பார்க்கவும் ஏற்றுமதி செய்யவும் முயலலாம். இசை தயாரிக்க உதவாது. பழைய பதிப்புகளில் ஃபிளாப்பி அடிப்படையிலான நகல் தடுப்பு இருந்தது என்பதால், சாவி ஃபிளாப்பி கெட்டுப்போயிருந்தால் நிரல் இருந்தும் பயனில்லை.

என்னிடம் பழைய ஸ்டுடியோ விஷன் கோப்புகள் உள்ளன. இசையை மீட்க முடியுமா?

பெரும்பாலும் முடியும், ஆனால் மிடியும் ஒலியும் வேறு வேறு வழியில் மீளும்.

மிடிப் பகுதிகளுக்கு ஒரே நம்பகமான வழி, நிரலை ஏதேனும் ஒரு பழைய கணினியில் திறந்து, நிலையான மிடிக் கோப்பாக ஏற்றுமதி செய்வது. சுரங்களும் நேரமும் வேகமும் அப்படியே வரும். உள்ளே அடுக்கப்பட்ட சீக்குவென்ஸ்களின் அமைப்பும், ஒலித் துண்டுகள் எந்த இடத்தில் தொடங்கின என்ற விவரமும் அந்தக் கோப்பில் வராது. ஆகவே ஏற்றுமதிக்கு முன் முழுப் பாடலையும் ஒரே சீக்குவென்ஸாக விரித்துக்கொள்வதும், ஒலித் துண்டுகள் தொடங்கும் தாள அளவு எண்களைத் திரையிலிருந்து எழுதிக்கொள்வதும் நல்லது. ஒவ்வொரு ஒலி ட்ராக்கையும் பாடலின் தொடக்கத்திலிருந்து ஒரே நீளக் கோப்பாக எழுதிவிட்டால் இன்னும் வசதி.

ஒலிக் கோப்புகளில் ஒரு நுணுக்கம் உண்டு. அக்கால மேக்கில் சவுண்ட் டிசைனர் டூ என்ற வடிவமே வழக்கம். அந்த வடிவத்தில் ஒலித் தரவு கோப்பின் ஒரு கிளையிலும், மாதிரி வீதம், பிட் எண்ணிக்கை, சேனல் எண்ணிக்கை ஆகிய விவரங்கள் ரிசோர்ஸ் ஃபோர்க் என்ற மற்றொரு கிளையிலும் இருக்கும். (மாதிரி வீதம் என்பது ஒரு நொடியில் ஒலி எத்தனை முறை அளக்கப்பட்டது என்ற எண்.) விண்டோஸ் வடிவமைப்பு கொண்ட பென் டிரைவிலோ இணையச் சேமிப்பிலோ சாதாரணமாக நகலெடுத்தால் இரண்டாவது கிளை அறுந்துபோகக்கூடும். கோப்பின் அளவு சரியாக இருக்கும், ஆனால் எந்த நிரலும் அதை ஒலிக் கோப்பு என்று ஏற்காது. கெட்டுப்போனது என்று நினைத்துப் பலர் அழித்துவிடுவது இந்த நிலையில்தான். அழிக்க வேண்டாம். ஒடாசிட்டி போன்ற நிரலில் "மூலத் தரவு" என இறக்குமதி செய்து, 16 பிட், பிக் எண்டியன் (பைட் வரிசையின் ஒரு வகை), 44,100 மாதிரி வீதம், ஒன்று அல்லது இரண்டு சேனல் என்று கொடுத்தால் ஒலி திரும்ப வந்துவிடும். இரைச்சல் மட்டும் கேட்டால் பைட் வரிசையை மாற்றிப் பாருங்கள். சுருதியும் வேகமும் இரு மடங்காகவோ பாதியாகவோ இருந்தால் சேனல் எண்ணிக்கையை மாற்றுங்கள். சற்றே ஏறியோ இறங்கியோ இருந்தால் 48,000 கொடுத்துப் பாருங்கள்.

தரவு ஃபிளாப்பியில் இருந்தால், அது எந்த வகை என்பதை முதலில் கவனியுங்கள். 1.44 மெகாபைட் மேக் ஃபிளாப்பியைத் தகுந்த மென்பொருளுடன் பிசியின் இயக்கியிலும் படிக்கலாம். பழைய 800 கிலோபைட் வகையை வழக்கமான பிசி இயக்கியால் படிக்கவே இயலாது. அதற்குப் பழைய மேக்கின் இயக்கியோ, காந்தத் தடங்களை நேரடியாகப் படியெடுக்கும் தனிக் கருவியோ வேண்டும்.

ஆப்கோட்டின் மிடி இடைமுகப் பெட்டிகளை இன்று பயன்படுத்தலாமா?

ஸ்டுடியோ 4, ஸ்டுடியோ 5 போன்ற பெட்டிகள் உறுதியானவை. பல இன்றும் பழுதின்றி இருக்கின்றன. ஆனால் அவை மேக்கின் சீரியல் துளைக்கு வெளியிலிருந்தே கடிகாரத் துடிப்பைக் கொடுத்து வேலை செய்தவை. யூஎஸ்பியைச் சீரியலாக மாற்றும் பெரும்பாலான அடாப்டர்கள் அந்த முறையை ஏற்பதில்லை. எனவே சீரியல் துளை உள்ள பழைய மேக்கும் ஓஎம்எஸ்ஸும் உங்களிடம் இருந்தால் வாங்கலாம். இன்றைய கணினியுடன் இணைக்கும் எண்ணத்தில் வாங்க வேண்டாம்.